இழுவை குறைந்தால் முதலில் வண்டியின் மூக்கைப் பாருங்கள்!

ஏர் பில்டரைக் கழற்றி எறியவும் வேண்டாம். கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம்

போடி பக்கம் பொட்டிபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது:

'என்னிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. கீழே மானாவாரி நிலம், மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். இரண்டுக்கும் இந்த ஜீப்தான். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. போடிமெட்டு ஏறும்போது மட்டும் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது. ஏர் பில்டரைக் கழற்றிவிட்டால் இன்ஜினுக்குத் தாராளமாகக் காற்று போகும், இழுவை கூடும் என்று சொல்கிறார்கள். கழற்றலாமா?'

உடனே சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான்: கழற்றாதீர்கள். ஆனால், கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் காற்றில் தடை இருந்தால் இழுவை குறையும். தடையை நீக்கினால் இழந்த இழுவை திரும்பும். தடையை எப்படி நீக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

நான் வேளாண்மை படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் முப்பது வருடமாக உழவர்களோடு பழகியதில், பூச்சி நோய்க்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் புலம்பப்படுவது வண்டிச் செலவுதான். இந்த விஷயத்தில் என் வீட்டிலேயே கையைச் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது, கடிதம் எழுதியவரையும் அவருடைய ஜீப்பையும் நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.

கொண்டை ஊசி வளைவில் நின்ற ஜீப்

பொட்டிபுரம், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்தித்தாள்களில் அடிபட்ட ஊர். மலை அடிவாரம். மழை பெய்தால் பச்சை, இல்லாவிட்டால் புழுதி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் வீசும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது சும்மா சொன்ன பேச்சு இல்லை. அதே ஆடி, ஆவணியில்தான் மேலே ஏலக்காய் எடுப்பும் சூடு பிடிக்கிறது. கீழே புழுதி பறக்கும் நாளில்தான் மேலே வண்டி அதிகம் ஓடவேண்டியிருக்கிறது.

வாசகருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜீப்பைக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"போன மாசம் காய் எடுப்புக்கு ஆள் ஏத்திட்டுப் போனேன் சார். விடிகாலை அஞ்சு மணி. பாதி மலையில ஒரு வளைவுல வண்டி செத்துப்போச்சு. பிரேக்க மிதிச்சும் ஒரு முழம் பின்னால நகர்ந்துருச்சு. உள்ள இருந்த பொம்பளைங்க அலறிட்டாங்க. ஒருத்தி குதிச்சு ஓடிப்போய் சக்கரத்துக்குக் கல்லு வச்சா. அன்னைக்கு வச்ச கல்லுதான் என்னை உங்களுக்குக் கடுதாசி எழுத வச்சது."

"எத்தனை பேரை ஏத்தினீங்க ஐயா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதை எந்த பில்டரும் சரி செய்யாது என்று அவரிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் முதலில் சரியாக இருக்கவேண்டும். இழுவை அதற்கு அடுத்தது. ஆனால் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறும் மலை அது. நாம் 'பிக்கப் இல்லை' என்று சாதாரணமாகச் சொல்லும் கோளாறு, அந்த 17 வளைவுகளில் சாதாரணக் கோளாறு இல்லை.

இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது?

விறகு அடுப்பு புகைந்தால் வீட்டில் என்ன செய்கிறோம்? ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறோம். விறகு போதுமான அளவு இருக்கிறது, காற்று போதவில்லை. காற்று போனதும் புகை நின்று தீ எரிகிறது. இன்ஜினுக்குள் நடப்பதும் இதுதான். டீசல் விறகு. கரும்புகை என்பது காற்று போதாமல் பாதி எரிந்த டீசல், அதாவது உங்கள் காசு.

1 லிட்டர் டீசல் முழுமையாக எரிய, குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். 2,500 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, கணக்குப்படி நிமிடத்துக்கு 2,500 லிட்டர் காற்றை இழுக்கவேண்டும். நடைமுறையில் 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் டிரம்மில் பத்து டிரம் காற்று, ஒரே நிமிடத்தில்! இவ்வளவும் ஒரு குழாய் வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் குழாயின் வாயில் நாம் கட்டி வைத்திருக்கும் துணிதான் ஏர் பில்டர். களத்தில் தூற்றும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறோமே, அதே வேலை. துண்டு நனைந்து சேறாகிவிட்டால் மூச்சு முட்டும். அதற்காகத் துண்டையே எறிந்துவிட்டால் தூசு நெஞ்சுக்குள் போகும்.

மலையில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. உயரம் போகப்போக காற்று லேசாகிறது. போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். போடி நகரத்தைவிட அங்கே காற்றழுத்தம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போல குறைவு. மேலே குளிர்ச்சி இருப்பதால் அதில் கொஞ்சம் ஈடாகும். கூட்டிக் கழித்தால், அதே இன்ஜின் அதே வேகத்தில் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். பழைய டீசல் பம்ப் இதைத் தெரிந்துகொள்ளாது. கீழே ஊற்றிய அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். அதனால் டர்போ இல்லாத பழைய வண்டி மலையில் கொஞ்சம் திணறுவதும், கொஞ்சம் புகைவதும் இயல்பு. டர்போ உள்ள வண்டி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

மலை எடுத்துக்கொள்ளும் பத்தில் ஒரு பங்கை நம்மால் தடுக்க முடியாது. அதற்கு மேல் அடைப்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கலாம். வாசகரின் ஜீப் வளைவில் நின்றதற்கு இரண்டும் சேர்ந்ததுதான் காரணம்.

கழற்றிப் பார்த்ததில் கிடைத்தவை

ஊரில் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் தம்பி ஒருவரைக் கூட்டிவைத்துக்கொண்டு, காற்று போகும் வழியை வாயிலிருந்து இன்ஜின் வரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

முதலில், காற்று நுழையும் வாய்க் குழாய். உள்ளே குளவிக்கூடு! மண் கூடு, பாதி வாயை அடைத்திருந்தது. அதைச் சுற்றிச் சோளத் தூசு.

இரண்டாவது, ஆயில் பாத் ஏர் கிளீனர். பழைய ஜீப், டிராக்டர் பலவற்றிலும் இந்த வகைதான். அடிக்கிண்ணத்தில் ஆயில் இருக்கும். வரும் காற்று அதில் மோதித் திரும்பும்போது தூசு ஆயிலில் தங்கும். மிச்சத் தூசை மேலே உள்ள கம்பி வலை பிடிக்கும். இவருடைய கிண்ணத்தில் ஆயில் கேழ்வரகுக் களி போல இருந்தது. வலையில் ஒரு பக்கம் வெளிச்சமே தெரியவில்லை. "போன மாசம்தான சார் ஆயில் ஊத்தினேன்" என்றார். ஊற்றியிருக்கிறார், பழைய சேற்றை எடுக்காமல் அதன் மேலேயே! அளவுக் கோட்டுக்கு மேல் ஒரு விரல்கடை ஏறியிருந்தது. கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தாலும் காற்றுக்குத் தடைதான். அதைவிட ஆபத்து, இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடலாம்.

மூன்றாவது, கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஓஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருந்தது. தம்பி இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கூட்டச் சொன்னார். வேகம் கூடக்கூட ஓஸின் வயிறு உள்வாங்கியது. உறிஞ்சு குழாயை விரலால் அமுக்கியது போல! உள் அடுக்கு உரிந்து தொளதொளத்துப் போயிருந்தது. நின்ற வண்டியில் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது.

ஓஸும் கிளிப்பும் புதிதாகப் போட்டோம். கிண்ணத்தையும் வலையையும் டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு, புது ஆயிலைக் கோடு வரை ஊற்றினோம். வாய்க் குழாயில் கூட்டை எடுத்துவிட்டு, பூச்சி நுழையாதபடி அகலக் கண்ணுள்ள கம்பி வலை ஒன்றைப் பொருத்தினோம். பத்து நாள் கழித்து போன் செய்தார். முன்பு இரண்டாவது கியரில் அழுத ஏற்றத்தில், சில இடங்களில் மூன்றாவதில் போகிறதாம். புகை முழுக்க நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. "ஆளையும் கொறைச்சுட்டேன் சார்" என்று கடைசியில் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

பில்டரைக் கழற்றினால் என்ன ஆகும்? என் வீட்டுக் கதை

இருபது வருடம் இருக்கும். எங்கள் ஊரில் என் தம்பி டிராக்டர் வாங்கி வாடகைக்கு ஓட்டினான். கோடை உழவில் இழுவை இல்லை என்று எவரோ சொன்னதைக் கேட்டு ஏர் கிளீனர் ஓஸைக் கழற்றிவிட்டு ஓட்டினான். நான் லீவில் போனபோது பெருமையாகக் காட்டினான். "சத்தத்தக் கேளுண்ணே, சிங்கம் மாதிரி இருக்கு!" என்றான். வேளாண்மை படித்த அண்ணன்காரன் என்ன செய்யவேண்டும்? அப்போதே மாட்டச் சொல்லியிருக்கவேண்டும். நானும் சத்தத்தில் மயங்கித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் நீலப் புகை வந்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. இன்ஜினைப் பிரித்தபோது ரிங் எல்லாம் தேய்ந்து, லைனரில் மேலிருந்து கீழாகக் கீறல். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று அத்தனையும் மாற்றினோம். அந்த வருடம் டிராக்டர் சம்பாதித்தது டிராக்டருக்கே போனது. தவணை கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இதை எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது.

காரணம் எளியது. புழுதியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். அது இரும்பைவிடக் கடினம். ஆயிலோடு கலந்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பசையாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் கல் துகள் அல்ல, கண்ணுக்குத் தெரியாத பொடிதான் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே புகுந்து அரைக்கிறது. பில்டரைக் கழற்றியதும் சத்தம் கூடும். காதுக்கு அது இழுவை கூடியது போலத் தோன்றும். பில்டர் சுத்தமாக இருந்தால், கழற்றியதால் கூடும் இழுவை மிகச் சொற்பம். கழற்றியதும் இழுவை நிஜமாகவே கூடினால் பில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிது போடுங்கள்.

காகித பில்டர் என்றால்...

இன்றைய கார், பிக்கப், புது டிராக்டர் பலவற்றிலும் மடிப்பு மடிப்பான காகித பில்டர்தான். இதைக் கையாளும் முறை வேறு.

• தண்ணீரிலோ டீசலிலோ கழுவாதீர்கள். காகிதத்தின் கண் அடைபடும், அல்லது கிழியும்.

• தரையிலோ டயரிலோ ஓங்கித் தட்டாதீர்கள். ஓரம் நசுங்கினால் அந்த இடைவெளி வழியாகத் தூசு நேராக உள்ளே போகும்.

• கம்ப்ரசர் காற்று அடிப்பதாக இருந்தால், உள்ளிருந்து வெளியே மட்டும் அடிக்கவேண்டும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். பஞ்சர் கடைக் காற்றை அப்படியே பக்கத்தில் வைத்து அடித்தால் காகிதத்தில் ஓட்டை விழும்.

• சுத்தம் செய்ததும் இருட்டறையில் பில்டருக்குள் டார்ச் விளக்கை விட்டுப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அது குப்பைக்குத்தான்.

• டிராக்டரில் பெரிய பில்டருக்குள் சின்ன பில்டர் ஒன்று இருக்கும். அது பாதுகாப்புக்கு. அதை ஊதவோ கழுவவோ கூடாது. குறித்த காலத்தில் மாற்றவேண்டும். அதில் தூசு தெரிந்தால் வெளி பில்டர் ஓட்டை என்று பொருள்.

• தேவையில்லாமல் அடிக்கடி திறக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசு உள்ளே விழும். சில வண்டிகளில் அடைப்புக் காட்டி இருக்கும். அது சிவப்பு காட்டினால் திறந்தால் போதும்.

கொத்தனார் டியூபில் ஒரு சோதனை

அடைப்புக் காட்டி வேலை செய்கிறதா என்று சந்தேகமா? கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபே போதும். பத்தடி டியூபை ஒரு பலகையில் 'ப' எழுத்து வடிவில் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நாலடிக்குக் குறையாமல் உயரம் இருக்கட்டும். பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அடைப்புக் காட்டி மாட்டியிருக்கும் ஓட்டையில் (பில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும்) மெக்கானிக் உதவியோடு ஒரு முனையைக் காற்றுப் புகாமல் இணையுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை மெதுவாக முழு வேகத்துக்குக் கொண்டுபோங்கள். இன்ஜின் பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். பல டீசல் இன்ஜின்களுக்கு 25 அங்குலம்தான் மேல் வரம்பு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. புது பில்டர் போட்ட அன்று ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட வசதி. டியூப் குட்டையாக இருந்தால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கவனம். டர்போ இல்லாத டீசல் வண்டிக்குத்தான் இப்படி நின்ற நிலையில் பார்க்கலாம். டர்போ இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் முழுக் காற்றையும் குடிக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

'பில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும்' என்ற பேச்சு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறையவில்லை. காற்று குறைந்தால் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடுகிறது. ஆனால் வேகம் பிடிக்கும் திறன் குறைந்தது. சுத்தமான பில்டர் போட்டதும் வேகம் பிடிக்கும் நேரம் 6 முதல் 11 சதவிகிதம் வரை மேம்பட்டது. கார்புரேட்டர் வைத்த பழைய காரில் மைலேஜும் சில சதவிகிதம் கூடியது.

சமதளத்தில் உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். மலையில் லாரியை முந்தும்போதும், வளைவில் ஏறும்போதும் தெரியும்.

காற்றின் சூடும் ஒரு கணக்கு. காற்று 3 டிகிரி சூடானால் சுமார் 1 சதவிகிதம் லேசாகும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் காற்று வாயை ரேடியேட்டருக்கு முன்பக்கமோ ஓரத்திலோ வைத்து, வெளிக்காற்றை எடுக்கிறார்கள். சிலர் பில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்த பில்டரை மாட்டுகிறார்கள். தடை குறைகிறது, ஆனால் கொதிக்கிற காற்றை இழுக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை.

ஸ்பிரேயரையும் மறக்காதீர்கள்

ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் எந்திரம் இரண்டிலும் பெரும்பாலும் ஸ்பாஞ்சு பில்டர்தான். இவை கார்புரேட்டர் எந்திரங்கள். பில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரி பிடித்து, பாதி வேலையில் நின்றுவிடும். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் உலர்த்தி, ஆயில் தடவி, பிழிந்துவிட்டு மாட்டுங்கள். பெட்ரோலில் அலசினால் ஸ்பாஞ்சு பொடிந்துபோகும். பொடியும் ஸ்பாஞ்சை அன்றே மாற்றுங்கள்.

வாசகர்கள் கேட்டவை

ஆயில் பாத் கிளீனரில் பழைய ஆயிலை ஊற்றலாமா?

வேண்டாம். அதில் ஏற்கெனவே கரியும் மண்ணும் இருக்கின்றன. கையேட்டில் சொல்லும் ரகத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். பெரும்பாலும் இன்ஜினுக்கு ஊற்றும் அதே ரகம்தான். புழுதி வேலை என்றால் தினமும் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். தார்ச்சாலையில் ஓடும் ஜீப்புக்கு வாரம் ஒருமுறை போதும்.

டீசல் பம்பில் ஸ்க்ரூவைத் திருகினால் இழுவை கூடும் என்கிறார்களே?

காற்று போதாத இன்ஜினுக்கு இன்னும் டீசல் ஊற்றுவது, புகையும் அடுப்பில் இன்னும் விறகைத் திணிப்பது போல. புகையும் சூடும் கூடும். பிஸ்டனும் ஹெட்டும் அடிவாங்கும். முதலில் காற்று வழியைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் புகைந்தால் நாசில், பம்ப் இரண்டையும் பம்ப் சோதிக்கும் கடையில் கொடுத்துப் பாருங்கள்.

கடையில் விற்கும் 'பவர் பில்டர்' வாங்கலாமா?

காற்று எளிதாகப் போகும் பில்டர் வழியாகத் தூசும் எளிதாகப் போக வாய்ப்பு உண்டு. பந்தயக் காருக்கு அது சரி. அடிவாரப் புழுதியில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொல்லும் பில்டரைச் சுத்தமாக வைத்திருப்பதே லாபம். எண்ணெய் தடவும் வகையில் எண்ணெய் அதிகமானால், காற்றை அளக்கும் சென்சாரிலும் போய்ப் படியும்.

என்னுடையது புது பி.எஸ்.6 டீசல் வண்டி. புகையே இல்லை. பில்டரைப் பார்க்கவேண்டுமா?

பார்க்கவேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரியைப் பிடிக்கச் சைலன்சர் பக்கம் தனி பில்டர் இருக்கிறது. கரும்புகை வெளியே தெரியாது. ஆனால் காற்று குறைந்து கரி கூடினால் அந்த பில்டர் சீக்கிரம் நிரம்பும். அது விலை கூடிய பொருள்.

எந்தப் புகைக்கு என்ன அர்த்தம்?

கறுப்பு: காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம். நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் சூடேறிய பிறகும் விடாத வெள்ளை: டீசல் எரியாமல் வருகிறது, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. கறுப்புக்கு முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

பொட்டிபுரத்து வாசகரின் ஜீப்பில் இப்போது டேஷ்போர்டில் ஒரு பழைய காலண்டர் அட்டை ஒட்டியிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிண்ணம் திறந்து பார்த்ததற்கு ஒரு கோடு. அவர் பேரன் போடுகிறானாம். உங்கள் வண்டியிலும் இன்று மாலையே வாய்க் குழாயில் கையை விட்டுப் பாருங்கள். குளவி இருந்தால் ஜாக்கிரதை!